எட்டில் மட்டும் சத்தமில்லை

“பில்டர் போயிடுச்சு!” என்று அடித்தளத்திலிருந்து கத்தினேன்.

“காலையில நல்லாத்தானே டிகாஷன் இறங்குச்சு?” என்று மேலே சமையலறையிலிருந்து பதில் வந்தது.

எங்கள் வீட்டில் பில்டர் என்றால் அது ஒன்றுதான். கும்பகோணத்தில் வாங்கி, துணிமணிக்கு நடுவில் சுற்றி ஒஹாயோ வரை கொண்டுவந்த பித்தளை பில்டர். நான் சொன்னது வேறு, என் பழைய வானொலி செட்டுக்குள் இருப்பது. கைக்குள் அடங்குகிற ஒரு உலோகக் கூடு, நான்கு முனைகள், திறந்து பார்க்க வழியில்லை, என்னைவிட வயதில் மூத்தது. அது போனது உண்மைதான். ஆனால் அதைப் போக வைத்தது யார் என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக வானொலியில் பேசுவதும் கேட்பதும்) பழக்கமில்லாதவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுதப் பார்க்கிறேன். புரியாத இடத்தில் திட்டாமல் அடுத்த பத்திக்குத் தாவிவிடுங்கள்.

செட்டின் பெயர் ஆர்-390ஏ. அமெரிக்க ராணுவத்துக்காகக் காலின்ஸ் ரேடியோ நிறுவனம் 1950களில் வடிவமைத்த சிற்றலை ரிசீவர். அரை மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 32 மெகாஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸாகத் துண்டு போட்டுக் கேட்கலாம். முள் நகரும் டயல் கிடையாது. பழைய காரில் கிலோமீட்டர் ஓடுகிற மாதிரி எண் சக்கரங்கள் உருளும். குமிழைத் திருப்பினால் உள்ளே பல்சக்கரங்கள் வரிசையாகச் சுழல்வதைக் கையிலேயே உணரலாம். மொத்தம் 26 வால்வுகள், டிரான்சிஸ்டருக்கு முந்தைய காலத்துக் குழாய்கள். எடை 85 பவுண்டு, அதாவது 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றும் இன்னொன்றில் பாதியும். காலின்ஸின் வரைபடத்தை வைத்து வேறு பல கம்பெனிகளும் ராணுவ ஒப்பந்தத்தில் இதைச் செய்து கொடுத்தன. ராணுவம் கழித்துக் கட்டியதும் ஹாம்கள் வாரிக்கொண்டு போனார்கள்.

ஆர்தர் காலின்ஸ் தானே ஒரு ஹாம். 1925-இல், பதினைந்து வயதில், அயோவா மாநிலத்தின் சீடர் ரேப்பிட்ஸ் ஊரில் தன் வீட்டிலிருந்தபடி, கிரீன்லாந்துப் பக்கம் போயிருந்த மேக்மில்லன் பயணக் குழுவோடு வானொலியில் தொடர்புகொண்ட பையன். எட்டு வருடம் கழித்துக் கம்பெனி தொடங்கினார். அந்த வயதில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசிக்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது.

என் செட்டை 2019 மே மாதம் வாங்கினேன். டேட்டன் ஹாம்வென்ஷன் என்று வருடாவருடம் ஒரு கூட்டம் நடக்கும். இப்போது டேட்டனில் இல்லை, பக்கத்து ஊரான சீனியாவின் பொருட்காட்சித் திடலில் நடக்கிறது. திறந்தவெளியில் பழைய சாமான் சந்தை ஒன்று இருக்கும். மழை பெய்தால் முழங்கால் சேறு. பாய்க்கடியில் பாதி மறைந்து கிடந்த இந்த செட்டின் முகத்தில் மீட்டர்கள் இருக்க வேண்டிய இரண்டு இடத்திலும் வெறும் தகடு அடித்திருந்தார்கள். இருட்டில் ஒளிரும்படி அந்த மீட்டர்களில் ரேடியம் பூசியிருந்ததால், விற்பதற்கு முன் கழற்றிவிடுவது ராணுவத்தின் வழக்கம். அதனால் விலை குறைவு. நானும் என் மகனும் சேர்ந்து காருக்குத் தூக்கினோம். இரண்டு நாள் இருவருக்கும் இடுப்பு பேசியது.

பழுது வந்தது 2020 ஜனவரியில், ஒரு சனிக்கிழமை இரவு. வெளியே பனி. அமெரிக்காவில் 75 மீட்டர் பட்டையில் 3885 கிலோஹெர்ட்ஸ் பக்கம் பழைய ஏஎம் முறையிலேயே பேசிக்கொண்டிருக்கும் கூட்டம் ஒன்று உண்டு. குரல் அவ்வளவு நிறைவாக இருக்கும். மூன்று மணி நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பேண்ட்விட்த் குமிழ் 4-இல் இருந்தது. ஒருவர் தன் டிராக்டரின் கார்புரேட்டரைப் பற்றி விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது நடுவில் அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் இன்னொன்று. அப்புறம் கார்புரேட்டர், டிராக்டர், மனிதர் எல்லாம் காணாமல் போயினர். ஸ்பீக்கரில் லேசான இரைச்சல் மட்டும்.

நான் செய்ததை யாரும் செய்வார்கள். குமிழை 4-இலிருந்து 8-க்குத் திருப்பினேன். ஆள் திரும்பி வந்தார். பக்கத்து அலைவரிசைக்காரரும் கூடவே கொஞ்சம் வந்தார். சரி, ஏதோ சுவிட்சில் அழுக்கு என்று காபியை எடுத்தேன். இரண்டு நிமிஷம் போயிருக்கும். மறுபடி அப்பளம். 8-உம் செத்தது. 16-க்குத் திருப்பினேன். வந்தது. அந்த நேரத்தில் மேலேயிருந்து, “அடை ஆறுது, வரப்போறீங்களா இல்லையா?” என்று குரல். எரிச்சலோடு செட்டை அணைத்துவிட்டுப் போனேன். அந்த அடைக்கு நான் பட்டிருக்கும் கடன் பின்னால் தெரியும்.

இப்போது அந்தக் குமிழ் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். வானத்திலிருந்து வருகிற ஆயிரம் சத்தத்தில் நமக்கு வேண்டிய ஒன்றைப் பிரித்தெடுக்கச் சல்லடை வேண்டும். ரிசீவர் முதலில் நமக்கு வேண்டிய அலையை 455 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். பிறகு அந்த இடத்தில் ஒரு சல்லடை. கண் பெரிதா சிறிதா என்பதைத்தான் குமிழ் முடிவு செய்கிறது. ஆர்-390ஏயில் ஆறு நிலைகள்: 0.1, 1, 2, 4, 8, 16 கிலோஹெர்ட்ஸ். 2 முதல் 16 வரை நான்குக்கும் தனித்தனி மெக்கானிகல் பில்டர். கீழே உள்ள இரண்டுக்கும் ஒரு கிரிஸ்டல் பில்டர் உண்டு, அதைத் தாண்டி வரும் அலையும் 2-இன் மெக்கானிகல் பில்டர் வழியாகவே போக வேண்டும்.

மெக்கானிகல் பில்டர் என்ற பெயரே எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. மின்சாரத்தைச் சல்லடை போட மெக்கானிக் எதற்கு? உள்ளே நடப்பது இதுதான். நிக்கலுக்கு ஒரு குணம் உண்டு: காந்தப் புலம் மாறினால் அதன் நீளம் கண்ணுக்குத் தெரியாத அளவில் மாறும். கூட்டின் ஒரு முனையில் தலைமுடியைவிட மெல்லிய கம்பியில் சுற்றிய காயில் (கம்பிச்சுருள்), அதற்குள் நிக்கல். சிக்னல் காயிலுக்குள் போனால் நிக்கல் நடுங்கும். அது பக்கத்தில் இருக்கும் உலோகத் தட்டுகளை நடுங்க வைக்கும். நாணயம் போன்ற சிறு தட்டுகள், வரிசையாக நிறுத்தி விளிம்பில் மெல்லிய கம்பிகளால் பற்றவைத்துக் கோத்திருப்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு குட்டி மணி. தன் சுருதிக்கு வந்தால் மட்டும் அதிரும், மற்றதற்கு அசையாது. மறுமுனையில் இன்னொரு நிக்கலும் காயிலும் அந்த அதிர்வை மறுபடி மின்சாரமாக்கும். அதாவது நான் கேட்கும் ஒவ்வொரு குரலும் வழியில் ஓரிடத்தில் மின்சாரமாக இல்லாமல், ஒரு துண்டு இரும்புச் சாமானின் நடுக்கமாக ஓடிக் கடந்து வருகிறது. காலின்ஸ் 1952-இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்றைக்கு இதே வேலையைக் கணிப்பொறி நிரல் இன்னும் சுத்தமாகச் செய்துவிடும், தெரியும். ஆனால் நிரல் நடுங்காது.

மறுநாள் காலை யோசித்தேன். 16 வேலை செய்கிறது, 2 வேலை செய்கிறது, 1-உம் 0.1-உம் வேலை செய்கின்றன. அப்படியென்றால் பில்டர்களுக்கு முன்னால் இருக்கும் வால்வும் பின்னால் இருக்கும் வால்வுகளும் நலம். கோளாறு சுவிட்சிலா, பில்டரிலா என்பது மட்டும்தான் கேள்வி. என் மனம் சுவிட்ச் பக்கம்தான் சாய்ந்தது. சுவிட்ச் என்றால் காண்டாக்ட் கிளீனர் வாங்கி அடிக்கலாம், பில்டர் என்றால் அடுத்த பில்டருக்கு எங்கே போவது? மலிவான பதிலை நம்புவதற்கு ஒருவருக்கு அதிகம் ஆதாரம் தேவைப்படுவதில்லை.

இரண்டு மாலை இதில் போயிற்று. பில்டர்கள் உட்கார்ந்திருக்கும் ஐஎஃப் பலகையைக் கழற்றுவது அவ்வளவு கஷ்டமில்லை, ராணுவத்துக்காரன் யோசித்துத்தான் செய்திருக்கிறான். பச்சை வண்ணத் தலை போட்ட திருகுகளைத் தளர்த்தினால் போதும், அவை கழன்று கீழே விழாமல் பலகையோடே நிற்கும். குமிழ்களின் தண்டுகளைப் பிடித்திருக்கும் கவ்விகளைத் தளர்த்த விசித்திரமான பல்வெட்டுத் தலைச் சாவி ஒன்று வேண்டும். அதையும் செட்டின் முதுகிலேயே செருகி வைத்திருக்கிறார்கள். என் செட்டில் அந்தச் சாவி இன்னும் இருந்தது, மீட்டர்கள் போய்ச் சாவி மிஞ்சியிருந்தது. சுவிட்சின் ஒவ்வொரு நாக்கையும் துடைத்தேன், மாட்டினேன், பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தேன். 4-உம் 8-உம் பிணம். மறுபடி கழற்றினேன், மறுபடி துடைத்தேன், மறுபடி பிணம்.

மூன்றாம் நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஓம் மீட்டரை எடுத்தேன். 2-இன் உள்முனைக் காயில்: சில பத்து ஓம். 16-உம் அதே மாதிரி. 4: ஒன்றுமில்லை, திறந்த சுற்று. 8: அதுவும். வெளிமுனைக் காயில்கள் நான்கும் நலமாக இருந்தன. ஆக, இரண்டு பில்டர்களிலும் ஒரே பக்கம், உள்ளே நுழைகிற பக்கம் மட்டும் அறுந்திருக்கிறது. இது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். அறுபது வருடம் சேர்ந்து வாழ்ந்த இரண்டு பேர் ஒரே ராத்திரியில், இரண்டு நிமிஷ இடைவெளியில், ஒரே இடத்தில் அடிபட்டுச் செத்தால் அது வயோதிகமா? நானோ, ‘சரி, வயசாயிற்று’ என்று முடிவுகட்டி, யாரிடம் உபரி பில்டர் கிடைக்கும் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடி மாமாவுடன் பேசுவது வழக்கம். அம்மாவின் தம்பி. வானொலி நிலையத்தின் ஒலிபரப்பிக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிலோவாட் கணக்கில் வால்வுகளை மேய்த்தவர். போன் கேமராவைப் பலகைக்கு நேரே காட்டினேன்.

“பில்டர் கெடக்கட்டும் மாப்ள. பில்டருக்கு முன்னாடி என்ன இருக்கு?”

“வால்வு, மாமா. அதோட பிளேட்டிலிருந்து ஒரு கண்டன்சர் வழியா சுவிட்சுக்கு வருது.”

“பிளேட்ல எவ்வளவு வோல்ட்?”

“சுமார் 200.”

“காயிலோட அடுத்த முனை எங்க போகுது?”

“கிரவுண்டுக்கு.” சொல்லும்போதே எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

“அப்புறம் என்ன? வோல்ட்டைத் தடுக்க வேண்டிய கண்டன்சர் ஒழுகியிருக்கும். 200 வோல்ட்டு நேரா காயிலுக்குள்ள பாஞ்சிருக்கும். முடி மாதிரி கம்பி, தாங்குமா?”

கண்டன்சரை அளந்துவிட்டேன், மீட்டரில் நன்றாகத்தான் காட்டுகிறது என்றேன். மாமா சிரித்தார். “உன் மீட்டர் உள்ள 9 வோல்ட்டு பேட்டரியில்லா இருக்கு? அத வச்சுத் தட்டிப்பாத்தா அது நல்லபிள்ளை மாதிரிதாம்ல இருக்கும். 200 வோல்ட்டு குடு, சூடு ஏறட்டும், அப்ப தெரியும் வண்டவாளம்.”

அந்தக் கண்டன்சரின் எண் வரைபடத்தில் சி-553. 0.01 மைக்ரோஃபாரட், காகிதம் சுற்றியது. ஆர்-390ஏ வைத்திருப்பவர்கள் மத்தியில் இது பேர்போன கொலைகாரன் என்று அன்றிரவு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். செட் வாங்கினால் மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே மாற்ற வேண்டிய முதல் சாமான் இதுதானாம். எட்டு மாதமாக நான் அதைக் கொஞ்சிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாமா சொன்ன சோதனையைச் செய்தேன். சி-553-இன் சுவிட்ச் பக்கத்து முனையைச் சோல்டரிலிருந்து பிரித்து, அதில் நல்ல உறை போட்ட நீள வயர் ஒன்றைப் பற்றவைத்து, பலகையை மாட்டிவிட்டு வயரை வெளியே கொண்டுவந்தேன். வயருக்கும் செட்டின் உலோக உடம்பான சேசிஸுக்கும் நடுவே மீட்டர், வோல்ட் நிலையில். கண்டன்சர் நல்லதாக இருந்தால், செட்டைப் போட்டதும் எண் ஒரு உதை உதைத்துவிட்டுச் சுழிக்குப் பக்கத்தில் வந்து படுத்துவிட வேண்டும். கண்டன்சரின் வேலையே அதுதான்: துடிக்கிற சிக்னலை விட வேண்டும், நிலையான வோல்ட்டைத் தடுக்க வேண்டும். “ஒரு கை பின்னாடி கட்டிக்க” என்று மாமா மூன்று முறை சொன்னார். இரண்டு கையும் உள்ளே இருந்தால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும்.

முதல் பத்து நிமிஷம்: 4 வோல்ட். பரவாயில்லை என்றிருந்தேன். அரை மணியில் 15. ஒரு மணி நேரத்தில் 40-ஐத் தாண்டியது. பலகையின் மேல் கை வைத்தால் தோசைக்கல் காய ஆரம்பித்த மாதிரி சூடு. என் மீட்டரின் உள் எதிர்ப்பு 10 மெகா ஓம். மீட்டரில் 40 நின்றால் பிளேட்டின் 200-இல் மீதி 160 கண்டன்சரில் விழுகிறது, ஆகவே அதன் ஒழுகல் 40 மெகா ஓம் அளவு. அதனால் காயிலுக்கு ஒன்றும் ஆகாது. இரண்டே கால் மணி நேரம் கழித்து எண் 100-ஐத் தொட்டது. அப்புறம் ஒரு கணம் திடீரென்று 190. மறுபடி 90. மறுபடி 190. ஸ்பீக்கர் இல்லாமலே எனக்கு அப்பளம் நொறுங்கும் சத்தம் கேட்டது.

அன்றைக்கு என்ன நடந்தது என்பது அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. மூன்று மணி நேரச் சூட்டில் கண்டன்சர் உள்ளுக்குள் முறிந்து முறிந்து சேர்ந்திருக்கிறது. சுவிட்ச் எந்தப் பில்டரைத் தொட்டிருக்கிறதோ அந்தக் காயில்தான் அந்த 200 வோல்ட்டுக்குக் கிரவுண்டுக்குப் போகும் பாதை. 4 எரிந்தது. நான் என்ன செய்தேன்? குமிழைத் திருப்பி 8-ஐ அதன் முன்னால் உட்கார வைத்தேன். அதைத் தின்று முடித்ததும் 16-க்கு இலை போட்டேன். பந்தி பரிமாறியது நான்தான். அடைக்குக் கூப்பிடாமல் இருந்திருந்தால் 16-உம் அப்புறம் 2-உம் போயிருக்கும், 2 போனால் கூடவே 1-உம் 0.1-உம். இதை என் மனைவியிடம் விளக்கியது தப்பு. ஆறு மாதத்துக்கு அடித்தளத்தில் இருக்கும்போது நான் சாப்பிட வரத் தாமதித்தால், “கண்டன்சர் எப்படி இருக்கு?” என்ற கேள்விதான் வந்தது.

“சுவிட்சைத் துடைச்சிட்டு எவ்வளவு நேரம் ஓட்டுன?” என்று மாமா அடுத்த வாரம் கேட்டார்.

“ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷம், மாமா.”

“தப்பிச்சல” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

புதிய கண்டன்சர் பாலிபுரப்பிலீன் படலம், 630 வோல்ட் தாங்குவது. விலை ஒரு காபிக்குக்கூடக் காணாது. வந்ததும் முதலில் அதை மாட்டி, அதே வயர் சோதனையை மூன்று மணி நேரம் ஓட்டினேன். மீட்டர் சுழியை விட்டு நகரவில்லை. பழைய கண்டன்சரோடு புதிய பில்டரை மாட்டியிருந்தால் அதுவும் ஒரு சனிக்கிழமையைத் தாண்டியிருக்காது.

பில்டர் கிடைப்பதற்குள் மார்ச் வந்துவிட்டது, கூடவே கொரோனாவும். அந்த வருட ஹாம்வென்ஷனை ரத்து செய்துவிட்டார்கள். கடைசியில் இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்த ஒரு முதிய ஹாம், உதிரிக்காகப் பிரித்துப்போட்ட பலகையிலிருந்து 4-இன் பில்டரைக் கொடுக்கச் சம்மதித்தார். முகம் பார்க்கவில்லை. வாசல் படியில் மருந்துக் குப்பி ஒன்றுக்குள் பஞ்சு சுற்றி வைத்திருந்தார். நான் பதிலுக்கு ஒரு டப்பா வால்வுகளையும் ஒரு பொட்டலம் கும்பகோணம் காபித் தூளையும் வைத்துவிட்டு வந்தேன். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு கை அசைந்தது.

கண்ணை மூடிக்கொண்டு மாட்டவில்லை, அந்த அளவுக்காவது புத்தி வந்திருந்தது. சிலவகை மெக்கானிகல் பில்டர்களில் தட்டுகளைத் தாங்கியிருக்கும் ரப்பர் நுரை காலப்போக்கில் கூழாகித் தட்டுகளில் ஒட்டிக்கொள்ளும். காயில் நலமாக இருக்கும், ஓம் மீட்டர் நல்ல சான்றிதழ் கொடுக்கும், ஆனால் மணி மேல் ஈரத்துணி போர்த்தின மாதிரி சத்தம் அமுங்கிவிடும். அதனால் நானோ விஎன்ஏ என்ற கையடக்கக் கருவியில் 455-ஐச் சுற்றி எது எவ்வளவு கடந்து வருகிறது என்று வரைந்து பார்த்தேன். முதலில் வந்த படம் ஆட்டுக்கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு நடுவில் பள்ளம். ஐயோ என்றாயிற்று. பிறகு நினைவு வந்தது: செட்டுக்குள் இருக்கிற மாதிரி இரு முனையிலும் காயிலோடு ஒத்திசைய வேண்டிய கண்டன்சர்களையும், கருவியின் 50 ஓமிலிருந்து விலக்கிவைக்கப் பெரிய எதிர்ப்புகளையும் நான் போடவே இல்லை. போட்டதும் கொம்புகள் இறங்கி, பள்ளம் நிரம்பி, மேலே திண்ணை மாதிரி தட்டையாகவும் ஓரங்கள் சுவர் மாதிரி செங்குத்தாகவும் ஒரு படம் வந்தது. அதைப் போன் திரையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்தேன். அலுவலக நண்பர்கள் ஏதோ பங்குச் சந்தைப் படம் என்று நினைத்தார்கள்.

மே மாதத்தில் ஒரு ராத்திரி 4 மறுபடி பேசியது. 3885-இல் அதே கூட்டம். கார்புரேட்டர்காரரைத் தேடினேன், அன்று வரவில்லை. வேறு இருவர் தக்காளி நாற்று பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தேன். தூத்துக்குடியில் அப்போது காலை, பின்னால் காக்கை கத்தியது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “எட்டுல போடு பாப்போம்” என்றார்.

எட்டுக்கு இன்னும் பில்டர் கிடைக்கவில்லை, இன்றுவரை. அறுந்த காயிலோடு பழையதுதான் அங்கே இருக்கிறது. நாலிலிருந்து பதினாறுக்குக் குமிழைத் திருப்பும்போது நடுவில் ஒரு நொடி காது அடைத்த மாதிரி இருக்கும். அப்புறம் பதினாறில் மொத்த ஊரும் சேர்ந்து பேச ஆரம்பித்துவிடும்.